பலகையில் இடமில்லை

ஐயா,
2025இல் தோனியை ஐசிசி ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்ததும் எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒரே கொண்டாட்டம். பேஸ்பாலுக்கு அமெரிக்காவில் ஒரு ஊரே இருக்கிறதாமே? இப்படிப் பெயர் ஏறினால்தான் ஒருவர் மேதையா? அப்புறம், அமெரிக்கக் கால்பந்துப் போட்டிகளுக்கு ஏன் 'பவுல்' என்று பெயர்?
ச., விருதுநகர்

அன்புள்ள ச.,
பவுலை முதலில் முடித்துவிடுகிறேன். 1914இல் யேல் பல்கலைக்கழகம் கட்டிய மைதானம் கிண்ணம் மாதிரி இருந்ததால் யேல் பவுல். அதைப் பார்த்து பாசடீனாவில் ரோஸ் பவுல். மைதானத்தின் பெயர் ஆட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது. கூகுளில் தட்டியிருந்தால் வந்திருக்கும். தோனியை விடுங்கள், அவருக்கு நம் சிபாரிசு வேண்டாம்.

பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிற அந்த ஊர், கூப்பர்ஸ்டவுன், ஒரு வாரமாக என் மண்டைக்குள் ஓடுகிறது. 1936இல் நடந்த முதல் வாக்கெடுப்பில் 226 பேரில் 11 பேர் பேஸ்பாலின் மாபெரும் நட்சத்திரம் பேப் ரூத்துக்கே ஓட்டுப் போடவில்லை. அதையாவது சிரித்துவிட்டுப் போகலாம். பந்து வீசுவதில் மன்னன் சாட்செல் பெய்ஜ். கறுப்பர் என்பதால் பெரிய லீகுக்குள் நுழையும்போது வயது 42. இன்னொரு கறுப்பின நட்சத்திரம் ஜாஷ் கிப்சனுக்கு அதுவும் வாய்க்கவில்லை. 1947 ஜனவரியில், 35 வயதில் செத்தார். ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் அந்த நிறத்தடையை உடைத்து பெரிய லீகில் களமிறங்கினார். மூன்றே மாதம்! 1966இல் நட்சத்திர ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ், தன்னைச் சேர்த்த விழா மேடையிலேயே பெய்ஜ், கிப்சன் இருவர் பெயரையும் சொல்லி, இவர்களும் இங்கே வரவேண்டும் என்றார். 1971இல் பெய்ஜைச் சேர்க்கிறோம் என்றார்கள், தனிப் பகுதியிலாம்! தனிக்குவளை பார்த்த நமக்கு இதற்குப் பொழிப்புரை வேண்டுமா? பலரும் காறித் துப்பிய பிறகுதான் மற்றவர்களோடு வைத்தார்கள்.

எங்கள் பள்ளியில் ஒரு தேக்குப் பலகை. மாவட்ட அளவில் ஜெயித்தவர்கள் பெயர் மஞ்சள் பெயிண்டில் இருக்கும். அண்ணன் உயரம் தாண்டுதலில் முதலாவதாக வந்த வருஷம் பலகை நிரம்பிவிட்டது. புதுப்பலகை மூன்று வருஷம் கழித்து வந்தது, வந்த வருஷத்துப் பிள்ளைகளிலிருந்து ஆரம்பித்தார்கள். ஆண்டுவிழாவுக்கு வரும் அம்மா, இரண்டு பலகைக்கும் நடுவில் இருந்த வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பெயர் ஏறினால்தான் மேதையா என்று கேட்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி, இது பெயர் ஏறினவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற பேச்சு.

போன வாரம் அண்ணனிடம் பெய்ஜ் கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சேர்த்தப்போ அந்த மனுஷன் உயிரோட இருந்தாராடா?" என்றார்.

இருந்தார் என்றேன்.