தனித்தனியாகச் சரியாக இருப்பது சேர்க்கும்போது ஏன் இடிக்கிறது?

பத்துக் குழுக்களும் தங்கள் பங்கைக் குறித்த நாளில் முடித்துவிட்டன, ஆனால் ஒன்றாகச் சேர்த்தால் எதுவும் பொருந்தவில்லை, எங்கே தவறு என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் தவறு குழுக்களுக்குள் இருக்காது. இரண்டு குழுக்கள் தொட்டுக்கொள்ளும் எல்லையில் இருக்கும். ஒவ்வொரு குழுவும் மற்ற எல்லாக் குழுக்களையும் தொட்டால், 5 குழுக்களுக்கு இடையே 10 எல்லைகள். 10 குழுக்கள் என்றால் 45.

ஏர்பஸ் ஏ380 விமானத்தில் நடந்தது இதுதான். ஜெர்மனியின் ஹாம்பர்க் பொறியாளர்கள் கேடியா வடிவமைப்பு மென்பொருளின் 4ஆம் பதிப்பிலும், பிரான்சின் துலூஸ் பொறியாளர்கள் 5ஆம் பதிப்பிலும் வேலை செய்தார்கள். இரண்டு பதிப்புகளும் ஒன்றோடொன்று சரியாக ஒத்துப்போகவில்லை. ஒரு விமானத்துக்குள் 500 கிலோமீட்டருக்கும் மேல் மின்கம்பி. பொருத்தும் இடத்துக்கு வந்தபோது பல கம்பிகள் நீளம் போதாமல் நின்றன. முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் வாடிக்கையாளர் கைக்குப் போனது, பல மாதத் தாமதத்தோடு. அங்கே யாரும் சோம்பேறி இல்லை என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

ஆகவே ஒவ்வொரு எல்லைக்கும் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளரை வையுங்கள். எந்த அளவு, எந்த வடிவம், யார் எப்போது தருவார் என்பதை அவர் எழுதி வைத்து, மாறினால் இரு தரப்புக்கும் அன்றே சொல்ல வேண்டும். இதைவிட முக்கியம், முடியும்வரை காத்திராமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைகுறைப் பாகங்களையே சேர்த்துப் பார்ப்பது. பாதி வேலையைக் காட்டக் குழுக்கள் கூச்சப்படும், விடாதீர்கள். வாராந்திரக் கூட்டம் அரைமணி நேரம் போதும், அதில் முடிந்ததைப் பற்றிப் பேச வேண்டாம், யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் கேளுங்கள்.