அப்பாவின் படகு: விற்கவா, இன்னும் மூன்று லட்சம் போடவா?

கேள்வி: ஐயா, அப்பா விட்டுப்போன விசைப்படகை நானும் மச்சானும் பங்காக வைத்து ஓட்டுகிறோம். இரண்டு வருடத்தில் இன்ஜினுக்கு மட்டும் நாலரை லட்சம் போய்விட்டது. தடைக்காலத்தில் கரையேற்றிப் பார்த்தால், அடிப்பலகையும் இன்ஜினும் சேர்த்து இன்னும் 3 லட்சம் ஆகும் என்கிறார்கள். இருக்கிற நிலையிலேயே 9 லட்சத்துக்கு ஒருவர் கேட்கிறார். குழப்பத்தில் நாலைந்து வணிக, சுயமுன்னேற்றப் புத்தகங்களை வாங்கிப் படித்தேன். ஒன்று, சிறைக்குப் போயும் தொழிலை விடாத ஐஸ் வியாபாரியைக் காட்டி 'விடாதே' என்கிறது. இன்னொன்று 'போன பணத்தை மற, விட்டு விலகு' என்கிறது. எதைக் கேட்பது?
— ராமேசுவரம் வாசகர்

பதில்: தம்பி, முதலில் அந்த ஐஸ்காரர் கதையை முழுதாகப் பார்த்துவிடுவோம். பெயர் பிரெடரிக் டியூடர், ஊர் பாஸ்டன். குளிர்காலத்தில் குளம் உறைந்ததும் அந்தப் பனிக்கட்டியை வெட்டி, 1806-ல் கப்பலேற்றி கரீபியன் தீவான மார்ட்டினிக்குக்குக் கொண்டுபோனார். நட்டம். கடனைக் கட்ட முடியாமல் பின்னாளில் சிறைக்கும் போனார். அப்படிப்பட்டவருடைய ஐஸ் 1833-ல் கல்கத்தாவுக்கே வந்து இறங்கியது. ஏற்றியது சுமார் 180 டன், நாலு மாதம் கடலில் கிடந்து கரையாமல் வந்தது சுமார் 100 டன். பிறகு சென்னைக்கும் வந்தது. மெரினாவில் இருக்கும் ஐஸ் ஹவுஸ் அதற்காகக் கட்டியதுதான். (1897 ஜனவரியில் நம் பாம்பன் குந்துகாலில் கரையிறங்கிய விவேகானந்தர், சென்னை போய்த் தங்கியதும் அதே கட்டடத்தில்தான். அதனால்தான் இன்று அது விவேகானந்தர் இல்லம்.)

புத்தகம் இதை விடாமுயற்சி என்று எழுதிவிட்டுப் போய்விடும். நடுவில் நடந்ததைக் கவனியுங்கள். கரையாமலிருக்க மரத்தூளைப் போட்டு அடைக்கும் வழி பிடிபட்டது. குதிரை இழுக்கும் வெட்டுக்கருவி வந்து வெட்டுக்கூலி இறங்கியது. சரக்கில்லாமல் கிளம்ப இருந்த கப்பல்களில் வாடகை மலிவாகக் கிடைத்தது. அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் செலவுக் கணக்கு அவர் பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தது. உங்கள் படகில் இந்த இரண்டு வருடத்தில் எந்தக் கணக்கு உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது? ஒரு பாட்டுக்கு (ஒருமுறை கடலுக்குப் போய்வர) ஆகும் டீசலா, பழுதில்லாமல் ஓடிய நாளா? ஒன்றுகூட இல்லையென்றால் டியூடர் உங்களுக்கு உதாரணமில்லை. அவரைப் போலவே பிடிவாதமாக நின்று மூழ்கியவர்களைப் பற்றி யாரும் புத்தகம் போடுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஜெட்டியில் கட்டிக்கிடக்கும் படகுகளை மட்டும் எண்ணினால் தொழில் நன்றாக நடப்பதுபோலத்தான் தெரியும். உடைத்து விறகாக விற்ற படகு அந்த எண்ணிக்கையில் வராது.

அடுத்து அந்த நாலரை லட்சம். அது போய்விட்டது. விற்றாலும் திரும்பாது, ஓட்டினாலும் திரும்பாது. சொல்வது எளிது, நானே ஒரு பழைய ஜெராக்ஸ் மெஷினுக்கு மூன்று முறை டிரம் மாற்றியவன், 'இவ்வளவு போட்டாச்சே' என்ற ஒரே காரணத்துக்காக. ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள். உங்களிடம் படகே இல்லை, கையில் 12 லட்சம் ரொக்கம் இருக்கிறது. இதே படகை, இதே வயதில், பழுதுபார்த்த நிலையில் ஒருவர் 12 லட்சத்துக்குக் கொடுத்தால் வாங்குவீர்களா? 9 லட்சத்தை மறுத்து 3 லட்சம் போடுவது என்றால் அதுதான் அர்த்தம். 'அப்பா படகு' என்ற பாசம் குறுக்கே வரும். அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பாசத்துக்கு எவ்வளவு கொடுக்கத் தயார் என்று ஒரு தொகையைத் தனியாக எழுதி மச்சானிடம் காட்டிவிடுங்கள். அவருக்கும் பங்கு இருக்கிறது.

இப்போது நோட்டை எடுங்கள். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மிச்சம் 304 நாள், அதாவது 43 வாரம். வாரத்துக்கு மூன்று நாள் தொழில் என்றால் அதிகபட்சம் 130 பாடு. புயல் எச்சரிக்கையால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடைக்காத நாள், வேலைநிறுத்த நாள், இன்ஜின் படுத்த நாள் எல்லாம் போனால்? போன வருட நோட்டைப் பார்த்தால் சரியான எண் தெரியும். 90 பாடு என்று வைத்துக்கொள்வோம். போடும் 3 லட்சத்தை ஒரே வருடத்தில் எடுக்க, டீசல், ஐஸ், ஆட்களின் பங்கு எல்லாம் போக, பாட்டுக்கு 3,333 ரூபாய் கூடுதலாக நிற்க வேண்டும். இறாலும் கணவாயும் விழுந்த நாலு நாளை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். சங்காயம் (விலைபோகாத கழிவு மீன்) மட்டும் வந்த நாட்களையும் சேர்த்துப் போடுங்கள். நோட்டே எழுதவில்லையா? மீன் எடுத்த கம்பெனியிடம் பில் இருக்கும், போய்க் கேளுங்கள்.

அந்த 3 லட்சமும் 3 லட்சத்தில் நிற்குமா என்பது வேறு விஷயம். 2002-ல் பொருளாதார நோபல் பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், தன் தலையிலேயே விழுந்த குட்டு ஒன்றை எழுதியிருக்கிறார். இஸ்ரேலில் பள்ளிப் பாடநூல் தயாரிக்கும் குழுவில் இருந்தார். எப்போது முடியும் என்று கேட்டதற்கு எல்லோரும் ஒன்றரை முதல் இரண்டரை வருடத்துக்குள் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு குழுவில் இருந்த அனுபவசாலியிடம், 'இதே வேலையை எடுத்த மற்ற குழுக்களுக்கு எத்தனை வருடம் ஆனது?' என்று கேட்டார். அவர் யோசித்துவிட்டு, 7 முதல் 10 வருடம், 10-க்கு 4 குழு முடிக்கவே இல்லை என்றார். இத்தனைக்கும் அந்த மனிதரும் சற்றுமுன் இரண்டரைக்குள்தான் எழுதியிருந்தார்! கடைசியில் 8 வருடம் ஆனது. ஆகவே மெக்கானிக்கிடம் மறுபடி கேட்பதில் பயனில்லை. போன தடைக்காலத்தில் இதே வேலை பார்த்த மூன்று படகுக்காரர்களிடம் கேளுங்கள்: முதலில் சொன்ன தொகை எவ்வளவு, முடிந்தபோது எவ்வளவு, எத்தனை நாள் தள்ளிப்போனது? தடை முடிந்ததும் நல்ல மீன்பாடு உள்ள முதல் சில வாரங்களைத் தவறவிட்டால், அதுவும் செலவில்தான் சேரும்.

பழுது என்று மொத்தமாக ஒரே தொகையையும் பேசாதீர்கள். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்கள் (இரும்பு உத்திரங்கள்) கடலில் விழுந்தன. ரயில்வே கொடுத்த கெடு ஆறு மாதம், பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் ரயிலை ஓடவிட்டார், கடலில் கிடந்த கர்டர்களையே தூக்கி மாட்டி. அதே புயலில் போன தனுஷ்கோடிப் பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். பாலம் இல்லையென்றால் அன்று தீவுக்கே ரயில் இல்லை, சாலைப்பாலம் 1988-ல்தான் வந்தது. எது இல்லாமல் முடியாதோ அதை மட்டும் சரிசெய்தார்கள். உங்கள் எஸ்டிமேட்டையும் பிரித்து வாங்குங்கள்: அடிப்பலகைக்கு எவ்வளவு, இன்ஜினுக்கு எவ்வளவு. அடிப்பலகை மட்டும் மாற்றினால் விற்பனை விலை அந்தச் செலவுக்கு மேல் ஏறுமா என்று வாங்க வருகிறவரிடமே கேட்கலாம்.

உங்கள் புத்தக அடுக்கில் அதிகாலை எழுந்தால் ஜெயிக்கலாம் என்ற வகையும் இருக்கும். ராத்திரி முழுக்க மடி வலை இழுத்துவிட்டு விடிகாலையில் மீனோடு கரைக்கு வருகிறவருக்கு அதில் என்ன இருக்கிறது? யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

ஒரே ஒரு பயிற்சியை மட்டும் செய்யச் சொல்வேன். கேரி கிளைன் என்ற உளவியலாளர் பரப்பியது. நீங்களும் மச்சானும் தனித்தனித் தாளில் எழுதுங்கள்: 'அடுத்த ஏப்ரல் 15. பழுதுபார்த்து ஓட்டினோம், எல்லாம் கெட்டது. ஏன்?' இன்ஜின் மட்டுமல்ல, எல்லைக்கு அந்தப் பக்கம் படகு பிடிபட்டு மீளாமல் போவதும் அந்தத் தாளில் வர வேண்டும். இரண்டு தாளிலும் ஒரே காரணம் இருந்தால் அதற்கு வழி காணாமல் பணம் போடாதீர்கள்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால் நான் விற்கும் பக்கம்தான் சாய்வேன். பாட்டுக்கணக்கு 3,333-ஐத் தாராளமாகத் தாண்டினால் மாற்றிக்கொள்வேன். விற்பதானால், மீன்வளத் துறையில் படகின் பதிவை வாங்குபவர் பெயருக்கு மாற்றிய பிறகே சாவியைக் கொடுங்கள். முன்பணத்தை நம்பிக் கொடுத்துவிட்டால், படகு எங்கே பிடிபட்டாலும் தேடி வருவது உங்கள் வீட்டு வாசலுக்குத்தான்.