மூடி திறக்கும் மெஷின் வாங்கும் முன் ட்யூப்களைப் பாருங்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் சிறிய டயக்னாஸ்டிக் லேப் நடத்துகிறோம். ஓசூர், எலக்ட்ரானிக் சிட்டி, கே.ஆர்.புரம் பக்கமுள்ள கலெக்‌ஷன் சென்டர்களிலிருந்து தினமும் சுமார் 600 ரத்த மாதிரி ட்யூப் வருகிறது, பெரும்பாலும் காலையில் மொத்தமாக. மூடியைத் திறந்து திறந்து எங்கள் டெக்னீஷியன் பெண்ணுக்குக் கட்டைவிரல் பக்கம் வீங்கிவிட்டது. தானாகத் திறக்கும் மெஷின் வாங்கலாமா? எந்த வகை?

பதில்: மெஷினுக்கு முன்னால் அந்தப் பெண்ணின் கையைக் கவனியுங்கள். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும்போது சுளீரென்று வலித்தால், அங்கே ஓடும் தசைநாண்களின் உறை வீங்கியிருக்க வாய்ப்பு அதிகம். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். குணமாகும் வரை அந்த வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள். மற்றவர்களும் முறை வைத்துச் செய்யட்டும், கையால் அழுத்தித் திறக்கும் சிறிய கருவி ஒன்றையாவது உடனே வாங்கிக் கொடுங்கள். அதற்குச் செலவு குறைவு.

அடுத்து, 600 ட்யூப்பையும் திறந்தே ஆக வேண்டுமா என்று பாருங்கள். ரத்த அணுக்கள் எண்ணும் ஊதா மூடி ட்யூப்பைத் திறக்கத் தேவையில்லை; ட்யூப்பைத் தானே எடுத்துக்கொள்ளும் ஆட்டோ லோடர் உள்ள பெரும்பாலான அனலைசர்கள் (சோதனைக் கருவிகள்) மூடியின் ரப்பரை ஊசியால் துளைத்தே ரத்தத்தை எடுத்துக்கொள்ளும். ரத்த உறைவுச் சோதனைக்கான இளநீல மூடிக்கும் பல கருவிகளில் இந்த வசதி உண்டு. உங்கள் கருவியின் கையேட்டைப் பாருங்கள். வசதி இருந்தும் பழக்கத்தால் திறந்துகொண்டிருக்கும் லேப்கள் நிறைய. கட்டாயம் திறக்க வேண்டியவை பெரும்பாலும் பையோகெமிஸ்ட்ரிக்கும் ஹார்மோன் சோதனைகளுக்கும் போகும் மஞ்சள், சிவப்பு மூடிகளும், சர்க்கரைக்கான சாம்பல் மூடியும்தான்.

அவை 300 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 4 விநாடி என்றால் மொத்தம் 20 நிமிடம். ரிப்போர்ட் தாமதமாவது இதனால் அல்ல. சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) எடுக்கும் ட்யூப்பில் ரத்தம் உறைய சுமார் 30 நிமிடம், அதைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜில் 10 நிமிடம், அதற்கும் முன்னால் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ட்யூப்களோடு நிற்கும் ரைடர் என்று நேரம் அங்கெல்லாம் போகிறது. ஆகவே நேரம் மிச்சமாகும் என்று நினைத்து மெஷின் வாங்காதீர்கள். கைவலியும் ரத்தத் துளி தெறிப்பதும் குறைய வேண்டும் என்பதற்காக வாங்குங்கள். அந்த இரண்டுமே வாங்குவதற்குப் போதுமான காரணங்கள்.

மெஷின் சொதப்புவது பெரும்பாலும் ட்யூப்களால்தான். உங்கள் சென்டர்கள் தனித்தனியாக வாங்கினால் ஒரே ரேக்கில் நாலு கம்பெனி ட்யூப் நிற்கும். குறுக்களவு பொதுவாக 13 மில்லிமீட்டர்தான். ஆனால் உயரம் சிலதில் 75, சிலதில் 100. மூடியிலும் அழுத்திச் செருகியது, மரையிட்டுத் திருகியது, வெறும் ரப்பர் அடைப்பு என்று வகைகள் உண்டு. இழுக்கும் வகைக்காகச் செய்த மெஷினில் திருகு மூடி வந்தால் ட்யூப்பே மூடியோடு மேலே வந்து கீழே விழும். நீங்களே மொத்தமாக ஒரே வகை ட்யூப்பை வாங்கி எல்லா சென்டருக்கும் கொடுங்கள். இதைச் செய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த மெஷின் வாங்கினாலும் பாதி வேலை மறுபடி கைக்கே வரும். பார்கோடு லேபிளும் மூடிமேல் ஏறக்கூடாது. ஏறினால் திறக்கும்போது கிழியும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூன்று ஒட்டினால் ட்யூப் தடித்துப் பிடியில் சிக்கும்.

உங்கள் அளவுக்கு, ஒரு ட்யூப்பை வைத்ததும் மோட்டார் திறந்து மூடியைக் கழிவுப் பெட்டியில் போடும் மேஜை மெஷின் போதும். முழு ரேக்கையும் ஒரேயடியாகத் திறப்பவையும், கன்வேயரோடு இணைந்தவையும் தினம் ஆயிரக்கணக்கில் பார்க்கும் லேப்களுக்கானவை.

வாங்கும்போது வேகத்தைவிட, அது எப்படித் திறக்கிறது என்று பாருங்கள். லேசாகத் திருகியபடி மெதுவாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று பிடுங்கினால், மூடியின் அடியில் ஒட்டிய ரத்தமும், நூல்போல் தொங்கும் ஃபைப்ரினும் (ரத்தம் உறையும்போது உண்டாகும் புரத இழை) பக்கத்து ட்யூப்பில் விழும். திறக்கும் இடத்தைச் சுற்றி மறைப்பு இருக்க வேண்டும், பிடியைக் கழற்றிக் கிருமிநாசினியால் துடைக்க முடிய வேண்டும். எச்ஐவி, ஹெபடைடிஸ் வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) சோதனைக்கான ட்யூப்களை மட்டும் இந்த மெஷினில் போடவே போடாதீர்கள். வைரஸின் மரபணுவைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனையில் தெறித்த ஒரு நுண்துளியே போதும், நோயில்லாதவருக்கு நோய் இருப்பதாகக் காட்டிவிடும். அவற்றைத் தனி ட்யூப்பில் வாங்கி, பயோசேஃப்டி கேபினெட்டுக்குள் (காற்றை வடிகட்டும் பாதுகாப்புப் பெட்டி) ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும்.

திறந்த பிறகும் கவனம் வேண்டும். மூடாமல் வைத்த சீரத்தில் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிப் பைகார்பனேட் குறையும், நீர் ஆவியாகிச் சோடியம் போன்றவை கூடும். எனவே அனலைசரில் ஏற்றும் நேரத்தை ஒட்டியே திறங்கள். எடுத்து வைக்க வேண்டியவற்றைப் புதிய மூடியாலோ அலுமினிய ஃபாயிலாலோ மூடுங்கள். கழற்றிய மூடியைத் திரும்பப் போடும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். சீரம் ட்யூப்மேல் தவறி ஊதா மூடி போனால், அதில் ஒட்டியிருக்கும் பொட்டாசியம் ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) கலந்து பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் இறங்கும். டாக்டர் அதை நம்பிச் சிகிச்சையை மாற்றலாம்.

கழற்றிய மூடிகள் ரத்தம் பட்ட கழிவு. 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகள்படி ரத்த மாதிரிகளை லேபிலேயே கிருமி நீக்கித்தான் வெளியே அனுப்ப வேண்டும். மூடிகளையும் அந்த முறையிலேயே சேர்த்துவிடுங்கள். என்ஏபிஎல் (லேப்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருந்தால் புதிய கருவியைச் சோதித்துப் பார்த்த பதிவும் வேண்டும்.

விற்பனையாளர் டெமோவுக்கு வந்தால் அவர் கொண்டுவரும் ட்யூப்களை வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் ட்யூப், உங்கள் லேபிள், சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றியவை, ஃப்ரிட்ஜில் இரவு வைத்தவை எல்லாம் கலந்து 200 ஓட்டச் சொல்லுங்கள். எத்தனை சிக்கியது, எத்தனை சிந்தியது என்று நீங்களே எண்ணுங்கள். தெறிப்பைப் பார்க்க, சில ட்யூப்களில் ஃப்ளூரசின் சாயம் கலந்த நீரை நிரப்பி மூடி, அடியில் கறுப்புத் தாள் விரித்து ஓட்டுங்கள். பிறகு விளக்கை அணைத்து அல்ட்ராவயலட் டார்ச்சை அடித்தால் துளி எங்கெல்லாம் விழுந்திருக்கிறது என்று பளிச்சென்று தெரியும். தாளில் புள்ளி நிறைய இருந்தால் அந்த மெஷின் வேண்டாம். தாள் சுத்தமாக இருந்தால் விலை பேசுங்கள். பழுது பார்க்கும் இன்ஜினியர் பெங்களூரிலேயே இருக்கிறாரா என்பதையும், பிடிகளுக்கு உதிரிபாகம் எத்தனை நாளில் வரும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.