மகள் படிப்புக்கு நகையை விற்கலாமா?

கேள்வி: கணவர் பாம்பனில் சொந்த நாட்டுப்படகு வைத்துத் தொழில் செய்கிறார். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, உயிரியல் பிரிவில் பிளஸ் டூ முடித்துவிட்டாள். பேச்சு, செவித்திறன் குறைபாடுகள் பற்றிய பி.ஏ.எஸ்.எல்.பி. படிப்பில்தான் சேருவேன் என்கிறாள். சென்னைத் தனியார் கல்லூரி ஒன்றில் விடுதியோடு வருஷம் 2 லட்சம், மூன்று வருஷம் கட்ட வேண்டும் என்றார்கள். கையில் 12 பவுன் இருக்கிறது. அதை விற்பதா, மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவதா, வங்கிக் கடனா? – வாசகி, பாம்பன்

பதில்: முன்பணம் வேண்டவே வேண்டாம் அம்மா. வட்டியில்லாக் கடன் என்பார்கள். ஆனால் பிடிக்கிற நண்டையும் கணவாயையும் அவரிடமே, அவர் சொல்லும் விலைக்குப் போட வேண்டும். கிலோவுக்கு குறைகிற பணம்தான் வட்டி. எவ்வளவு கொடுத்தோம் என்பதே கடைசிவரை தெரியாது.

கடனுக்கு முன் கல்லூரியைப் பாருங்கள். இந்தப் படிப்புகளை முறைப்படுத்தும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் (RCI) அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் பதிவு எண் கிடைக்காது. பதிவு இல்லாமல் தொழில் செய்ய முடியாது. சென்னை மருத்துவக் கல்லூரி, முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள மத்திய அரசு நிறுவனம் (NIEPMD), புதுச்சேரி ஜிப்மர், மைசூரில் 1965 முதல் இயங்கும் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் ஆகிய எல்லாவற்றுக்கும் விண்ணப்பியுங்கள். தனியார் இடம் கடைசியில்தான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வேலை உண்டு, ஆரம்பச் சம்பளம் பெரிதில்லை. காது கேட்க உதவும் காக்ளியர் கருவியை உள்காதில் பொருத்திய குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி வேண்டும், பக்கவாதம் வந்தவருக்கும் வேண்டும்; மாவட்டத் தலைநகரங்களில் ஆள் தேவை இருக்கிறது. ஆனால் தனியாரில் 6 லட்சம் கடன் எடுத்தால் கணக்கு இப்படிப் போகும்: பயிற்சி வருஷத்தோடு படிப்பு 4 வருஷம், அப்புறம் 1 வருஷம் தவணை விடுப்பு, அதுவரை தவணை கட்ட வேண்டாம். வட்டி 10.5 சதவீதம் என்றால் அதற்குள் சுமார் 2.5 லட்சம் வட்டி ஏறி, அசலோடு சேரும். பத்து வருஷத் தவணை மாதம் ஏறக்குறைய 11,500 ரூபாய். புதிதாக வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இது பாரம்தான்.

அதைக் குறைக்க வழி உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பின் அங்கீகாரமும் கல்லூரிக்கு இருந்தால், தவணை விடுப்பு முடியும்வரை வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. அப்போது தவணை 8,100 அளவுக்கு இறங்கும். வருமானச் சான்றிதழுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். கடைசி வாரத்தில் அலைய வேண்டாம். மானியம் கிடைக்காவிட்டால், முதல் வருஷ வட்டி மாதம் 1,750 ரூபாய்தான். அரசுப் பள்ளியில் படித்ததால் மகளுக்குத் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும். அதோடு 750 போட்டு அப்போதைக்கப்போதே கட்டிவிடலாம். அடுத்த வருஷங்களில் தொகை கூடும், மீன்பாடு நல்ல மாதங்களில் கூடுதலாகக் கட்டுங்கள்.

7.5 லட்சம் வரை வங்கி அடமானம் கேட்கக் கூடாது. பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். 4 லட்சத்துக்கு மேல் போகும்போது மொத்தச் செலவில் 5 சதவீதம் நம் கைப்பணம் போட வேண்டும்.

நகையை விற்காதீர்கள். காற்று, புயல் எச்சரிக்கை என்று படகு கரையில் கிடக்கும்போது வீட்டுக்கு அதுதான் கைகொடுக்கும். அந்த 5 சதவீதத்துக்குப் பணம் குறைந்தால் மட்டும் ஒரு சங்கிலியை வங்கியில் அடகு வையுங்கள். அடகுக்கடை வேண்டாம்.