கணக்கில் வராத அந்த அரை ஷிப்ட்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சார், எம்.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்காகத் திருப்பூரில் 62 பனியன் கம்பெனிகள் ஏறி இறங்கி 2023-24ஆம் ஆண்டுக் கணக்கு வாங்கினேன். விற்றுமுதல், ஆள் எண்ணிக்கை, பேலன்ஸ் ஷீட்டில் உள்ள மெஷின் மதிப்பு மூன்றுக்கும் லாக் எடுத்து ரெக்ரெஷன் போட்டேன். உழைப்பின் கெழு 0.91, மூலதனத்தின் கெழு 0.11 வந்தது. மூலதனக் கெழுவின் திட்டப் பிழை 0.09. “முக்கியத்துவம் இல்லை, மூலதனத்தைத் தூக்கிவிடு” என்கிறார் கைடு. மெஷின் இல்லாமல் பனியன் தைக்க முடியுமா என்று எனக்கு உறுத்துகிறது. என்ன செய்யட்டும்?
– முதுகலை மாணவி, பல்லடம்

பதில்: உறுத்துகிறதல்லவா? அந்த உறுத்தலை விட்டுவிடாதீர்கள் அம்மணி. மூலதனத்தையும் தூக்காதீர்கள்.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி. இத்தனை ஆள், இத்தனை மெஷின் போட்டால் இத்தனை சரக்கு வரும் என்ற உறவுக்குப் பெயர்தான் உற்பத்திச் சார்பு. காப்-டக்ளஸ் வடிவத்தில் அது ஒரு பெருக்கல் கணக்கு. இரண்டு பக்கமும் லாக் (மடக்கை) எடுத்தால் பெருக்கல் கூட்டலாகிவிடும், நேர்கோட்டு ரெக்ரெஷன் போட, அதாவது தரவுக்கு ஆகப் பொருந்தும் கோட்டைக் கண்டுபிடிக்க, வசதியாகிவிடும். அதில் ஆளுக்கும் மெஷினுக்கும் முன்னால் வரும் எண்கள்தான் கெழுக்கள். அவற்றை அப்படியே சதவீதமாகப் படிக்கலாம். மாணவியின் கணக்குப்படி, ஆளை 10 சதவீதம் கூட்டினால் சரக்கு சுமார் 9 சதவீதம் கூடும். மெஷினை 10 சதவீதம் கூட்டினால் 1 சதவீதம்தான் கூடும்.

முதலில் கைடு சொன்ன விஷயம். ஒரு மதிப்பீடு எவ்வளவு முன்பின் ஆகலாம் என்று சொல்வதுதான் திட்டப் பிழை. 0.11க்கு அது 0.09 என்றால், உண்மை மதிப்பு ஏறக்குறைய -0.07இல் தொடங்கி 0.29 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 62 கம்பெனிக் கணக்கை வைத்து மெஷினின் பங்கைத் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். அதற்காக மெஷினுக்குப் பங்கே இல்லை என்றாகிவிடாது. தூக்கிவிட்டால் மெஷினின் பங்கையும் உழைப்பு சுருட்டிக்கொள்ளும், உங்கள் 0.91 ஒன்றைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை.

ஆனால் ரெக்ரெஷனைத் திருத்துவதற்கு முன்னால் உங்கள் அட்டவணையின் மூன்று பத்திகளுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எனக்கு அங்கேதான் கவலை.

விற்றுமுதல். நூல் வாங்கி, துணி ஓட்டி, சாயம் போட்டு, தைத்து ஏற்றுமதி செய்பவருக்கு விற்றுமுதலில் நூல் விலை, சாயக் கூலி எல்லாம் சேர்ந்தே இருக்கும். ஜாப் ஒர்க்குக்குத் தைத்துக் கொடுப்பவர் அதே டி-சர்ட்டைத் தைத்தாலும் அவர் கணக்கில் வருவது பீஸுக்கு இவ்வளவு என்ற தையல் கூலி மட்டும்தான். 62 பேரில் இரண்டு ரகமும் கலந்திருந்தால், ஒரே எண்ணிக்கை டெய்லர்களை வைத்துக்கொண்டு ஒருவர் பல மடங்கு ‘உற்பத்தி’ செய்வதுபோலத் தெரியும். நூல், துணி, வெளியே கொடுத்த கூலி, கரண்ட் எல்லாம் கழித்து மதிப்புக் கூட்டலை எடுங்கள். அப்போதும் விலை உள்ளே ஒளிந்திருக்கும். நல்ல விலைக்கு ஆர்டர் பிடித்தவர் திறமையாகத் தைப்பவர்போலத் தெரிவார். அதை உங்கள் தரவில் முழுதாகக் களைய முடியாது. ஆய்வேட்டில் அதைப் பற்றி ஒரு பாரா எழுதிவிடுங்கள்.

ஆள் எண்ணிக்கை. உங்கள் ஊர்ப் பக்கமே ‘ஒன்றரை ஷிப்ட்’ என்று சொல்வார்களே, அதை எப்படி விட்டீர்கள்? எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். ஏற்றுமதித் தேதி நெருங்கினால் பன்னிரண்டு மணி நேரம் ஓடும், அதுதான் ஒன்றரை. ஒரு கம்பெனியில் 40 பேர் ஒரு ஷிப்ட், பக்கத்துக் கம்பெனியில் 40 பேர் ஒன்றரை ஷிப்ட். உங்கள் பத்தியில் இரண்டுமே 40. பீஸ் ரேட்டுக்கு வரும் காண்ட்ராக்ட் டெய்லர்கள் ஆஜர்ப் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள். அவர்களோடு வரும் கைமடிகளின் (டெய்லருக்குக் கூடமாட உதவுபவர்கள்) கதையும் அதேதான். சனிக்கிழமைச் சம்பள நோட்டைக் கேளுங்கள். அதில் தலைக்கு எத்தனை ஷிப்ட் என்று பென்சிலில் குறித்திருப்பார்கள். ஒரு சனிக்கிழமை நோட்டை நான் புரட்டிப் பார்த்தேன். ஆறு நாளுக்கு ஒரு டெய்லர் பெயருக்கு நேரே எட்டரை என்று இருந்தது. ஆள் ஒன்று, ஷிப்ட் எட்டரை! அந்த எட்டரைதான் உங்களுக்கு வேண்டிய எண். ஆண்டுதோறும் தொழிற்சாலைகளில் அரசு எடுக்கும் ஏ.எஸ்.ஐ. கணக்கெடுப்பிலேயே தலை எண்ணிக்கையோடு வேலை செய்த ஆள்-நாட்களையும் கேட்கிறார்கள்.

மெஷின் மதிப்பு. பல கம்பெனிகளின் பேலன்ஸ் ஷீட் வருமான வரிக் கணக்கையே பின்பற்றும். பொதுவான மெஷினரிக்கு ஆண்டுக்கு 15 சதவீதத் தேய்மானம். ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கிய மெஷின் பத்து ஆண்டில் ஏட்டில் 19,700 ரூபாய்க்குக் கீழே இறங்கிவிடும். தரையில் போய்ப் பாருங்கள், எண்ணெய் விட்டு, ஊசி மாற்றி, புதிது மாதிரியே ஓடிக்கொண்டிருக்கும். வாடகைக்கு எடுத்த மெஷின் ஏட்டிலேயே இருக்காது. சொந்தக் கட்டடத்தையும் மெஷினோடு கூட்டிச் சேர்த்துவிட்டீர்களா என்றும் பாருங்கள். இப்படி அளவில் பிழை கலந்த பத்தியின் கெழு பெரும்பாலும் பூஜ்யத்தை நோக்கி இழுபடும். உங்கள் 0.11 இளைத்திருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஓவர்லாக் எத்தனை, பேட்லாக் எத்தனை, சிங்கர் எத்தனை என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் இன்றைய விலையைப் போட்டுக் கூட்டினால் ஏட்டு மதிப்பைவிட எவ்வளவோ மேல்.

சரி, இதெல்லாம் நேரானால் 0.91 சரியாகிவிடுமா? ஆகாது. அங்கேதான் இந்தக் கணக்கின் பழைய முடிச்சு இருக்கிறது.

நான் முன்பு போய்வந்த ஒரு கம்பெனியில் முதலாளியோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. பேசி முடித்ததும் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டு, “திங்கட்கிழமையிலிருந்து இன்னும் பத்து டெய்லர் வேணும்” என்றார். அவ்வளவுதான். கலர் சாம்பிள் பாஸாகிவிட்டது, துணி நேரத்துக்கு வந்துவிடும், இந்த மாதம் தடங்கல் இல்லாமல் ஓடும் என்று அவருக்குத் தெரியும். என் கேள்வித்தாளில் அதற்கு இடமே இல்லை. ரெக்ரெஷனில் அது, நாம் அளக்காத எல்லாம் சேரும் பிழை உறுப்புக்குள் போய் உட்காரும். ஆனால் அந்தப் ‘பிழை’யைப் பார்த்துத்தான் அவர் ஆளைக் கூட்டினார். பத்து டெய்லரைத் திங்கட்கிழமைக்குள் கொண்டுவரலாம், பத்து மெஷினை வாங்க முடியாது. ஆகவே நல்ல காலத்தின் பலன் உழைப்பின் கெழுவில் போய் ஒட்டிக்கொண்டு அதை ஊதிவிடும். மூலதனத்தின் கெழு அதற்கு ஈடாக இளைக்கும். உங்கள் 0.91, 0.11 அச்சாக இந்த முகஜாடைதான்.

இதை மார்ஷாக், ஆண்ட்ரூஸ் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் 1944லேயே எழுதிவிட்டார்கள். உழைப்பும் மூலதனமும் வானத்திலிருந்து விழுவதில்லை, முதலாளி முடிவு செய்வது என்பதுதான் அவர்கள் வாதம். 1961இல் முன்ட்லாக் ஒரு வழி சொன்னார். ஒரே பண்ணையைப் பல ஆண்டுகள் பார்த்தால், மாறாத நிர்வாகத் திறமையைக் கழித்துவிடலாம். நல்ல யோசனைதான். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மெஷின் அதிகம் மாறாத கம்பெனிகளில் திறமையோடு மூலதனத்தின் தகவலும் கழிந்துபோய், மிஞ்சுவது அளவுப் பிழைதான். போன் வந்த அந்தத் திங்கட்கிழமையையும் அது பிடிக்காது.

1996இல் ஆலியும் பேக்ஸும் அமெரிக்கத் தொலைத்தொடர்புக் கருவித் தொழிலை எடுத்துக்கொண்டு, முதலாளியின் மனதில் இருப்பதை அவர் செய்யும் முதலீட்டிலிருந்து ஊகித்தார்கள். நம் ஊர்ச் சின்னக் கம்பெனியில் பல ஆண்டுகளுக்கு முதலீடே பூஜ்யமாக இருக்கும். சிலி நாட்டுத் தொழிற்சாலைகளிலும் அதே தொல்லைதான். அதனால் 2003இல் லெவின்சனும் பெட்ரினும் முதலீட்டை விட்டுவிட்டு மூலப்பொருள், கரண்ட் போன்ற இடைநிலைச் செலவைப் பிடித்துக்கொண்டார்கள். உங்களுக்குப் பிடிகிறதா? கையில் இ.பி. பில் இருக்கிறது. போன் வந்த வாரம் மீட்டரும் வேகமாகத்தான் ஓடும். இந்த முறையில் உழைப்பின் கெழுவைப் பிரித்தெடுப்பதில் ஓட்டை இருக்கிறது என்று அக்கர்பெர்க், கேவ்ஸ், ஃப்ரேசர் மூவரும் 2015இல் காட்டித் திருத்தமும் தந்தார்கள். முதுகலை ஆய்வேட்டுக்கு அது வரை போக வேண்டாம்.

இந்த முறைகளுக்கெல்லாம் ஒரே கம்பெனியின் பல ஆண்டுக் கணக்கு வேண்டும். நெருங்கிப் பழகிய கம்பெனிகளில் இன்னும் இரண்டு ஆண்டு நோட்டைக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால், திருத்திய பத்திகளோடு சாதாரண ரெக்ரெஷனையே போட்டு, உழைப்பின் கெழு மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் என்று காரணத்தோடு எழுதுங்கள். பக்கத்திலேயே மதிப்புக் கூட்டலில் கூலியின் பங்கு என்ன என்று ஒரு பத்தி போடுங்கள். இரண்டும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதே ஒரு செய்தி.

0.91ஐயும் 0.11ஐயும் கூட்டி 1.02, ஆகவே அளவு கூடினால் லாபம் என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். ஆளுக்கு எவ்வளவு உற்பத்தி, ஆளுக்கு எவ்வளவு மூலதனம் என்று மாற்றி, கூடவே உழைப்பின் லாக்கையும் போட்டு ஓட்டுங்கள். அந்தக் கடைசிக் கெழுதான் கூட்டுத்தொகையிலிருந்து ஒன்றைக் கழித்தது. அதன் திட்டப் பிழை பக்கத்திலேயே வரும், பார்த்து முடிவு செய்யலாம்.

கேள்வி: பவுண்டரி வைத்திருக்கிறேன். எங்கள் 36 மாதக் கணக்கை ரெக்ரெஷனில் போட்டு, “இன்னொரு பர்னஸ் வாங்கினால் உற்பத்தி 30 சதவீதம் கூடும்” என்கிறான் மகன். நம்பலாமா?
– ஒரு சிறுதொழில் அதிபர், கோவை

பதில்: 36 மாதத்தில் எத்தனை முறை பர்னஸ் வாங்கினீர்கள்? ஒரு முறைதான் என்றால் மகனின் மூலதனக் கெழு முழுக்க அந்த ஒரு மாதத்தின் குதிப்பிலிருந்து வந்தது. ஆர்டர் வந்ததால்தானே அன்றைக்குப் பர்னஸ் வாங்கினீர்கள்? சரக்கு கூடியது ஆர்டராலா பர்னஸாலா என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. மகனை ஒரு டன் உருக்க எத்தனை யூனிட் ஆகிறது, வார்ப்பில் எவ்வளவு ரிஜெக்ட் ஆகிறது என்று மாதாமாதம் எழுதச் சொல்லுங்கள். கடனுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் அது உதவும்.

கேள்வி: என் உற்பத்திச் சார்புக்கு ஆர்-ஸ்கொயர் 0.97 வந்திருக்கிறது. சந்தோஷப்படலாமா?
– ஆராய்ச்சி மாணவர், மதுரை

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஆர்-ஸ்கொயர் ஒன்றை நெருங்கினால் சூத்திரம் தரவோடு நன்றாகப் பொருந்துகிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். 1974இல் அன்வர் ஷேக் என்ற பொருளாதார அறிஞர் ஒரு குறும்பு செய்தார். வரைபடத்தில் புள்ளிகளை ‘ஹம்பக்’ என்ற ஆங்கில எழுத்துகளாகவே வரைந்தார். ஹம்பக் என்றால் பித்தலாட்டம். அந்தப் புள்ளிகளை ஒரு பொருளாதாரத்தின் தரவாக வைத்துக் கணக்குப் போட்டபோது காப்-டக்ளஸ் அதற்கும் கச்சிதமாகப் பொருந்தியது! கூலியும் லாபமும் சேர்ந்ததுதான் மதிப்புக் கூட்டல். பங்குகள் பெரிதாக மாறாதவரை, அந்த வரவு செலவுச் சமன்பாடே உற்பத்திச் சார்பு வேஷம் போட்டு வரும் என்பது அவர் வாதம். உங்களுடையது நாட்டளவு, ரூபாய்க் கணக்கு என்றால் இதை எண்ணிப் பாருங்கள். டன், மீட்டர், பீஸ் என்று பொருளளவில் அளந்தது என்றால் பயம் குறைவு.

கேள்வி: காப்-டக்ளஸ் ஒரே ஆளா, இரண்டு பேரா?
– மேல்நிலைப் பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: இரண்டு பேர். சார்லஸ் காப் கணித ஆசிரியர், பால் டக்ளஸ் பொருளாதார ஆசிரியர். 1899 முதல் 1922 வரை அமெரிக்கத் தொழில்துறையின் மூலதனம், தொழிலாளர், உற்பத்தி மூன்றையும் டக்ளஸ் லாக் தாளில் கோடுகளாக வரைந்தார். 1899ஐ 100 என்று வைத்தால், 1922இல் மூலதனம் 431, தொழிலாளர் 161. உற்பத்திக் கோடு இரண்டுக்கும் நடுவே, தொழிலாளர் கோட்டிலிருந்து பெரும்பாலும் கால் பங்கு தூரத்தில் ஓடுவதைக் கண்டு காப்பிடம் சூத்திரம் கேட்டார். 1928இல் கட்டுரை வந்தது. உழைப்புக்கு முக்கால், மூலதனத்துக்குக் கால். டக்ளஸ் இரண்டாம் உலகப் போரின்போது ஐம்பது வயதில் சாதாரணச் சிப்பாயாக அமெரிக்க மரைன் படையில் சேர்ந்து, ஜப்பானின் ஒகினாவாவில் கையில் அடிபட்டுத் திரும்பி, பிறகு இல்லினாய் மாநிலத்துக்கு 18 ஆண்டுகள் செனட்டராக இருந்தார்.

கேள்வி: சில கம்பெனிகளின் மூலதனம் பூஜ்யம். லாக் வரவில்லை. ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம் என்கிறான் நண்பன்.
– எம்.பில். மாணவர், சேலம்

பதில்: கூட்டாதீர்கள். மூலதனத்தை ரூபாயில் எழுதினால் ஒரு விடை, லட்சத்தில் எழுதினால் வேறு விடை வரும். பூஜ்யம் ஏன் வந்தது என்று போய்க் கேளுங்கள்.

நான் கேட்கவில்லை. என் எம்.பில். ஆய்வுக்கு 48 யூனிட் பார்த்தேன். கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் ஏழு வரிகளை விட்டுவிட்டு 41க்கு விடை கொடுத்தது. நானும் அட்டவணையை டைப் அடித்துக் கொடுத்துவிட்டேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர், “முதல் அத்தியாயத்தில் 48, நாலாம் அத்தியாயத்தில் 41. அந்த ஏழு பேர் எங்கே தம்பி?” என்றார். ஊருக்கு வந்து பார்த்தால் ஏழு பேருமே மெஷினை வாடகைக்கு எடுத்து ஓட்டியவர்கள். அவர்களில் ஐந்து பேர் இரவு ஷிப்டும் போட்டுக்கொண்டிருந்தார்கள்.