ஏஜென்ட் நல்லவர்தான், ரசீது எங்கே?

நம் நுகர்வோர் கேள்வி-பதில் பகுதியில் இந்த வாரம் மிக்சி, ஃப்ரிட்ஜ் கேள்விகள் ஓரமாகக் காத்திருக்கட்டும். கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விசா, பாஸ்போர்ட் விவகாரம்தான்.

கேள்வி: துபாயில் இருக்கும் மகனைப் பார்க்கப் போக வேண்டும். பாஸ்போர்ட்டில் எனக்கு ஒற்றைப் பெயர்தான், சர்நேம் இடம் காலி. விசிட் விசா கிடைக்காது என்கிறார் டிராவல்ஸ்காரர். காசு பறிக்கப் பார்க்கிறாரா?
(வாசகி, குழித்துறை)

பதில்: இந்த ஒரு விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை அம்மா. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களை ஏற்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு ஒரு விளக்கமும் வந்தது. ஆனாலும் விமான நிலைய கவுன்டரில் நின்று அந்த விளக்கத்தைச் சொல்லி வாதாட நான் உங்களை அனுப்ப மாட்டேன். சர்நேம் சேர்த்து மறுவெளியீட்டுக்கு விண்ணப்பியுங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. ஆதாரிலும் பெயரை அதேபோல் ஆக்கிவிட்டுப் போனால் அலைச்சல் குறையும். அதுவரை டிக்கெட் எடுக்க வேண்டாம்.

கேள்வி: சிங்கப்பூர் போகும் முன் 'அரைவல் கார்டு' (வருகை அட்டை) நிரப்ப ஓர் இணையதளத்தில் ஆளுக்கு 2,500 ரூபாய் கட்டினோம். நியாயமான கட்டணமா?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: அது இலவசம். சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நீங்களே நிரப்பலாம். மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையும் அப்படித்தான்.

கேள்வி: கத்தாரில் டிரைவர் வேலை என்று சொல்லித் தெரிந்தவர் ஒருவர் 1,20,000 ரூபாய் கேட்டார். 40,000 ரூபாயை அவர் மனைவியின் கூகுள் பே எண்ணுக்கு அனுப்பினேன். பாஸ்போர்ட்டும் அவரிடம்தான். இப்போது 'முதலில் விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்கிறார். அவர் ஆபீஸ் கேரளத்தில், பாறசாலைப் பக்கம். புகார் கொடுக்கப் போனால் இந்தப் பக்கத்து ஸ்டேஷனில் அங்கே போ என்கிறார்கள், அந்தப் பக்கத்தில் இங்கே போ என்கிறார்கள்.
(வாசகர், கருங்கல்)

பதில்: தம்பி, முதலில் ஒன்று. நீங்கள் போகாமல் இங்கேயே இருப்பது நல்லதாகப் போயிற்று. விசிட் விசாவில் போய் வேலை பார்த்தால் அந்த ஊர்ச் சட்டப்படி குற்றவாளி நீங்கள்தான், அவர் இல்லை. கத்தார் வேலை விசா என்றால் கிளம்பும் முன்பே சென்னையிலோ கொச்சியிலோ உள்ள கத்தார் விசா மையத்துக்குக் கூப்பிடுவார்கள். கைரேகை, மெடிக்கல், ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் அங்கேயே முடியும். அதற்கான கட்டணம் முதலாளியின் பொறுப்பு. அந்த அழைப்பு வராத கத்தார் வேலையை நம்பவே வேண்டாம்.

எல்லை தாண்டிய ஆபீஸ் என்பது இவர்களுக்கு ஒரு சௌகரியம். ஆனால் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் ஸ்டேஷனில் புகாரைப் பதிய வேண்டும். எழுத்தில் கொடுங்கள், நகல் வாங்குங்கள். நுகர்வோர் சட்டம் 2019-இன்படி ஏஜென்ட் எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், அதாவது நாகர்கோவிலில். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். உங்கள் நல்ல காலம், கூகுள் பே என்பதால் பணம் போன தடம் வங்கியில் இருக்கிறது. கையில் கொடுத்திருந்தால் இன்றைக்கு 'எந்தப் பணம்?' என்று கேட்டிருப்பார். திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் வெளிநாட்டு வேலைக்குப் போவோருக்கான மத்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது, அங்கும் ஒரு மனு போடுங்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு எந்த உரிமையும் இல்லை.

இனி மற்றவர்களுக்கு. இந்த 'தெரிந்தவர்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோயில் கமிட்டியில் இருப்பார், கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பார், அதனால் ரசீது கேட்கக் கூச்சம். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிற ஊர் இது. லட்ச ரூபாய் கொடுக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறோம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசில் பதிவு வேண்டும். பதிவு உள்ளவரா என்று மத்திய அரசின் இமைகிரேட் இணையதளத்தில் அவருடைய ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். சப் ஏஜென்ட் என்று சட்டத்தில் ஓர் ஆளே கிடையாது. பதிவு பெற்றவரே உங்களிடம் வாங்கக்கூடிய உச்சத் தொகை 30,000 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும்தான், மொத்தம் 35,400. அதற்கும் ரசீது தர வேண்டும். பதிவில்லாமல் இந்தத் தொழில் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை. இவ்வளவும் எழுத்தில் இருக்க, பக்கத்து வீட்டுக்காரர் மனம் புண்படும் என்று பேசாமல் இருக்கிறோம். புண்பட்டால் படட்டும்.

கேள்வி: பத்தாம் வகுப்பு தமிழ்நாட்டில், பட்டம் கேரளப் பல்கலைக்கழகத்தில். அபுதாபி வேலைக்குச் சான்றிதழ்களில் அட்டஸ்டேஷன் (அரசு முத்திரை) வேண்டும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடித்துத் தருவதாக ஏஜென்சி சொல்கிறது.
(வாசகி, கொல்லங்கோடு)

பதில்: சான்றிதழை எந்த மாநிலம் கொடுத்ததோ அந்த மாநிலத்தின் முத்திரைதான் முதலில். பட்டத்துக்குக் கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ், பத்தாம் வகுப்புக்குச் சென்னையில் தமிழ்நாடு அரசு. அடுத்து வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம். ஒரே முத்திரையைப் பல நாடுகள் ஏற்றுக்கொள்ளும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் அமீரகம் இல்லை, ஆகவே 'அப்போஸ்டில் போதும்' என்று யாராவது சொன்னால் அவரை விட்டுவிடுங்கள். நிறுவனம் எந்தச் சான்றிதழைக் கேட்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். பட்டம் மட்டும் போதும் என்றால் பத்தாம் வகுப்புக்குச் செலவழிப்பானேன்? இன்னொன்று, சான்றிதழுக்கு லேமினேஷன் போடாதீர்கள். நான் அழகாகப் போட்டு வைத்திருந்தேன். முத்திரை குத்த முடியாது என்று திருப்பிவிட்டார்கள். போட்ட காசைப் போல் பல மடங்கு, பிரிக்க ஆயிற்று.

கேள்வி: ஐரோப்பா டூர். சலுகை விலையில் விமான டிக்கெட்டும் ஹோட்டலும் எடுத்துவிட்டோம். ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது) விசா மறுத்துவிட்டார்கள். மூன்று பேர் விசா கட்டணம், டிக்கெட் பணம் எல்லாம் திரும்பக் கிடைக்குமா?
(வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: விசா கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. அது பரிசீலனைக்கான கட்டணம், மறுத்தாலும் திரும்பாது. 'நான்-ரீஃபண்டபிள்' (பணம் திரும்பாத) டிக்கெட் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததை நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் என்னிடம் என்ன கேட்கிறீர்கள்? போகாத பயணத்தின் விமான வரிகளில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்கலாம், கேளுங்கள். மறுப்புக் கடிதத்தில் காரணம் குறித்திருப்பார்கள், அதைப் படித்துவிட்டு மேல்முறையீடு செய்யுங்கள். அடுத்த முறை ரத்து செய்யக்கூடிய முன்பதிவோடு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: எங்களுக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம். தமிழ்நாட்டு முகவரியோடு அங்கே பாஸ்போர்ட்டுக்குப் போகலாமா?
(வாசகர், களியக்காவிளை)

பதில்: போகலாம். 2018 முதல் நாட்டில் எந்த மையத்திலும் விண்ணப்பிக்கலாம். போலீஸ் விசாரணை மட்டும் நீங்கள் கொடுக்கும் முகவரிக்கு வரும்.

கேள்வி: சவூதிக்கு 'ஃப்ரீ விசா' இரண்டு லட்சத்துக்குக் கிடைக்கிறதாம். யாரிடம் வேண்டுமானாலும் வேலை பார்க்கலாமாம். வாங்கலாமா?
(வாசகர், அருமனை)

பதில்: இரண்டு லட்சம் கொடுத்து வாங்குவது எப்படி ஃப்ரீ ஆகும்? ஸ்பான்சர் ஒருவர், வேலை வேறொருவரிடம் என்றால் பிடிபட்டால் நாடு கடத்தல்தான். வேண்டாம்.