சென்னைக்குப் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்கள் நம் அன்றாட வாழ்க்கையில் எதைக் கவனிக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். திருவான்மியூரில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள். 2014லிருந்து அவற்றை வெளிநாட்டு மாணவர்களுக்குத்தான் வாடகைக்கு விடுகிறோம். ஜெர்மனி, பிரான்ஸ், அமெரிக்கா, தான்சானியா, எத்தியோப்பியா என்று இதுவரை பதினெட்டுப் பேர் தங்கியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு செமஸ்டர்தான். ஜூலையில் வந்தால் நவம்பரில் கிளம்புவார்கள், ஜனவரியில் வந்தால் மே மாத வெயிலில் கிளம்புவார்கள். பெட்டியை இறக்கிய 24 மணி நேரத்துக்குள் அவர்கள் எங்கள் வீட்டில் தங்கும் விவரத்தை நாங்கள் ஆன்லைன் படிவத்தில் நிரப்பி அரசுக்கு அனுப்ப வேண்டும். வெளிநாட்டவரைத் தங்கவைக்கிற எல்லா வீட்டுக்காரர்களுக்கும் அது கட்டாயம், இதைப் படித்துவிட்டு யாராவது அறை கொடுக்க நினைத்தால் முதலில் அதைக் கவனியுங்கள். படிவம் முடிந்ததும் ராத்திரிச் சாப்பாடு. அங்கேயே கேள்விகள் ஆரம்பித்துவிடும்.

மெரினா, கபாலீஸ்வரர் கோயில், மாமல்லபுரம் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. அதையெல்லாம் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். "பால் பாக்கெட் ஏன் இத்தனை நிறத்தில் இருக்கு?", "பூக்காரம்மாவுக்குக் கை நீளமா இருந்தா எனக்குப் பூ அதிகமா கிடைக்குமா?", இப்படித்தான் கேட்பார்கள். ஆவின் நீலம், பச்சை, ஆரஞ்சு எல்லாம் கொழுப்பின் அளவு என்று உடனே சொல்லிவிடலாம். முழக் கணக்கைக் கேட்ட பெண்ணுக்குப் பதில் சொல்ல அவளைப் பூக்கடைக்கே கூட்டிக்கொண்டு போனேன். பூக்காரம்மா முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் அளந்து, அப்புறம் நாலு விரல் கூட விட்டுக் கிள்ளிக் கொடுத்தார். கொசுறு என்ற சொல்லை அன்றைக்கே கற்றுக்கொண்டாள். மறுநாள் காய்கறிக் கடையில் கொத்தமல்லிக்கு அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டு வாங்கியும் வந்தாள்.

ஆனால் கவனிப்பது என்றால் என்ன என்று எனக்கே புரியவைத்தது 2017ல் வந்த ஒரு ஜெர்மன் பையன். நம் ஐஐடியே 1959ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கியதுதான், அதனால் ஜெர்மன் மாணவர்கள் இந்தப் பக்கம் வருவது புதிதில்லை. இவன் கணிதம் படிக்கிறவன். கையில் எப்போதும் ஒரு கோடு போடாத நோட்டு. தினமும் ஏதாவது ஒன்றை எழுத வேண்டும் என்று அவன் ஊர் ஆசிரியர் சொல்லி அனுப்பியிருந்தாராம். இடப்பக்கம் கண்ணால் பார்த்தது மட்டும், வலப்பக்கம் அதற்கான காரணம். காரணத்தை அன்றைக்கே எழுதக் கூடாது, மூன்று நாளாவது பொறுக்க வேண்டும்.

நான் காலையில் ஐந்தரைக்கு வாசல் தெளித்துக் கோலம் போடுவேன். அவன் படியில் உட்கார்ந்து பார்ப்பான். எதற்குப் போடுகிறீர்கள் என்று கேட்டான். என் அம்மா எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன்: அரிசி மாவு, எறும்புக்கும் குருவிக்கும் சாப்பாடு, நாளை ஒரு தர்மத்தோடு தொடங்குகிறோம். தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். நாலாவது நாள் வந்து, ரொம்பத் தயங்கி, "அக்கா, மூணு நாளா பார்த்தேன். எறும்பு கோலத்து மேலயே நடந்து போகுது. ஒண்ணுகூட எதையும் எடுக்கலை" என்றான்.

எடுக்காதுதான். நான் போடுவது தள்ளுவண்டியில் வருகிற வெள்ளைக்கல் பொடி. அதைப் படியளந்து வாங்குகிறவளே நான். தெரிந்துகொண்டே, வாய் மட்டும் அம்மா சொன்னதைச் சொல்லியிருக்கிறது. உள்ளே போய் ஒரு கைப்பிடி பச்சரிசி மாவு கொண்டுவந்து, பக்கத்திலேயே சின்னதாக ஒரு நாலு புள்ளிக் கோலம் போட்டேன். அரை மணி நேரத்தில் மதில் ஓரத்திலிருந்து சாரை கிளம்பியது. அவன் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தான். மாவுக் கோட்டின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, வளைவு மெலிந்துகொண்டே போனது. பத்து மணிக்குள் ஒரு பக்கமே காணோம். முப்பது வருஷமாகக் கோலம் போடுகிறேன், என் கோலத்தை எறும்பு தின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சிக்குக் கோலத்தின் கணக்கையும் அவன்தான் எனக்குச் சொன்னான். தாம்பரத்துக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970களிலேயே கோலத்தை ஒரு மொழி மாதிரி எடுத்துக்கொண்டு அதற்கு இலக்கணம் வகுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். நம் ஊரில் நடந்த வேலை, எனக்கு அது ஜெர்மனி வழியாக வந்தது. அதன் பிறகு யார் எதைக் கேட்டாலும் முதலில் "தெரியலை, சேர்ந்து பார்ப்போம்" என்றுதான் சொல்கிறேன்.

அவன் நோட்டில் எனக்குப் பிடித்த இன்னொரு பக்கம் 29சி பஸ். கூட்டம். முன்பக்கம் நிற்கிற ஒருவர் ஐம்பது ரூபாய்த் தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கிறார். அது கைமாறி, கைமாறி, பின்னால் தன் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் கண்டக்டரிடம் போகிறது. கூடவே "லஸ் ஒண்ணு" என்ற சொல்லும் போகிறது. டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வருகின்றன. இடப்பக்கத்தில் அவன் எழுதியது: "போக ஏழு கை, வர ஏழு கை. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. காசு கொடுத்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை." 2021லிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் பஸ்ஸில் பெண்கள் உட்காரும் இடப்பக்க இருக்கைகளிலிருந்து காசு வருவது குறைந்துவிட்டது. ஆனால் ஏறுகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் கட்டணமில்லாச் சீட்டு உண்டு, அது இன்னும் அப்படித்தான் கைமாறிப் போகிறது.

2019ல் ஒரு பிரெஞ்சுப் பெண் இருந்தாள், அவளும் அந்தப் பையன் மாதிரியே நோட்டு எழுதினாள். மே மாதம் போக வேண்டியவள், ஜூலை வரை தங்கிவிட்டாள். அந்த வருஷம் புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் நாலு ஏரியும் வறண்டதை மறக்க முடியாது. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்தது. அவள் எழுதியது ரயிலைப் பற்றி இல்லை, எங்கள் தெருமுனையைப் பற்றி. "குடங்கள் 34. ஆட்கள் 5." மெட்ரோ வாட்டர் லாரி எப்போது வரும் என்று தெரியாது. வேலைக்குப் போகிற பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு இடத்தில் குடத்துக்குப் பதில் ஒரு செங்கல், அதுவும் யாரோ ஒருத்தருடைய இடம். லாரி ஹாரன் கேட்டதும் கதவுகள் திறக்கும், அவரவர் குடத்துக்குப் பின்னால் அவரவர் வந்து நிற்பார்கள். சண்டையும் பார்த்தாள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆள் இல்லாத குடத்தை யாரும் பின்னால் தள்ளி வைக்கவில்லை. வலப்பக்கத்தை அவள் எழுத இரண்டு வாரம் ஆனது. ஒவ்வொரு அக்காவிடமும் போய், எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புவீர்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள்.

எல்லாரும் அப்படிப் பொறுமையாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு அமெரிக்கப் பையன் தெருவில் சிதறிக் கிடந்த ரோஜா இதழ்களையும் சாமந்தியையும் பொறுக்கி நோட்டில் ஒட்டி, "திருவிழா" என்று உடனே காரணமும் எழுதிவிட்டான். அது சாவு ஊர்வலம் போன தெரு. டீக்கடை அண்ணன் சொன்னதும் முகம் வாடிவிட்டது. இறந்தவர் வீட்டைத் தேடிப்போய் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான். எனக்கு அது போதும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். எத்தியோப்பியாவிலிருந்து முதுகலைப் படிப்புக்கு வந்து எங்களோடு இரண்டு வருஷம் இருந்தாள் ஒரு பெண். வந்த மூன்றாவது வாரமே பஸ் போர்டைப் படித்தாள். அவர்கள் எழுத்தும் நம் உயிர்மெய் மாதிரிதான், முப்பதுக்கும் மேற்பட்ட மெய்கள், ஒவ்வொன்றுக்கும் ஏழு வடிவம். நம் 247ஐப் பார்த்து மற்றவர்கள் மலைப்பார்கள், அவள் மலைக்கவில்லை. என் மாமியாருக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. புதனும் வெள்ளியும் விரதம், கறி, முட்டை, பால் எதையும் தொட மாட்டாள். "நம்ம பொண்ணுதான்டி இவ" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் எங்களுக்குச் சமைத்தாள். அவர்கள் ஊர் இஞ்செராவுக்கு டெஃப் என்ற சிறுதானியம் வேண்டும், இங்கே கிடைக்கவில்லை. நான் கேழ்வரகு மாவைக் காட்டினேன். அது அவளுக்குத் தெரிந்த தானியம்தான், கேழ்வரகே ஆதியில் அந்தப் பக்கத்து மலைநாட்டிலிருந்துதான் நமக்கு வந்தது. தோசை மாவில் கலந்து மூன்று நாள் புளிக்க வைத்து, திருப்பிப் போடாமல் மூடி வைத்து எடுத்தாள். மேலே சின்னச் சின்ன ஓட்டை. அவர்களும் அதைக் கண் என்றுதான் சொல்வார்களாம். கடலைமாவில் ஒரு குழம்பு. ஒரே பெரிய தட்டில் பரப்பி நடுவில் வைத்தாள். அப்புறம் ஒரு துண்டைப் பிய்த்து, குழம்பில் புரட்டி, சுருட்டி, நேராக என் மாமியார் வாய்க்கு அருகில் நீட்டினாள். குர்ஷா என்று பெயர். அன்பும் மரியாதையும் உள்ளவருக்குத் தன் கையால் ஊட்டுவது.

என் மாமியாருக்கு 78 வயது. உப்புப் பார்க்கக்கூடக் கரண்டியை வாயில் வைக்காதவர். சாப்பிடுகிற கையால் பரிமாற மாட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அந்தக் கையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், வாயைத் திறந்துவிட்டார்.

அன்றிரவு அவளுக்கு எச்சில் என்றால் என்ன என்று விளக்கினேன். வாய் பட்டதை அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது, அதனால்தான் தண்ணீரை அண்ணாந்து குடிக்கிறோம். அவள் அண்ணாந்து குடிக்கப் பழகினாள், இரண்டு வாரம் சட்டையெல்லாம் நனைந்தது.

அது நன்றாகக் கைவந்த பிறகு ஒரு நாள் சாயங்காலம் சமையலறைக்கு வந்தாள். அவளும் நோட்டு வைத்திருந்தாள், அந்த ஜெர்மன் பையன் கதையைக் கேட்டு ஆரம்பித்தது. "அக்கா, அலமாரியில் ஆறு டம்ளர் இருக்கு. ஒண்ணு மட்டும் சன்னல்ல இருக்கு. வேலைக்கு வர்ற அக்கா அதுல மட்டும்தான் குடிக்கிறாங்க. எச்சிலுக்காகவா? ஆனா அவங்களும் அண்ணாந்துதானே குடிக்கிறாங்க?"

அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. பூ முழத்தைப் பற்றிக் கேட்டவள் குரலில் இருந்த அதே ஆர்வம்தான். எனக்குச் சொல்லப் பதில் ஒன்று இருந்தது: மாமியார் காலத்திலிருந்தே அப்படித்தான். எறும்புக்குச் சாப்பாடு என்று சொன்ன மாதிரியே அதையும் சொல்லியிருப்பேன். வாய் வரவில்லை. அந்த டம்ளரைப் பதினொரு வருஷமாக நான்தான் சன்னலில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அது எச்சில் இல்லை என்று எனக்குத் தெரியும். அது என்ன என்றும் தெரியும். அவளிடம் அந்தச் சொல்லைச் சொன்னேன், தீண்டாமை என்று. 1950லேயே அரசியல் சட்டம் ஒழித்ததை என் சமையலறைச் சன்னலில் நான் வைத்திருந்தேன் என்றும் சொன்னேன். அவள் எழுதிக்கொள்ளவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

மறுநாள் காலை அந்த அக்கா வந்ததும் சன்னலைப் பார்த்தார். "டம்ளர் காணோமேம்மா, எங்கனா விழுந்துடுச்சா?" என்று கேட்டார். நான் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் காபி ஊற்றி நீட்டினேன். எங்கள் வீட்டு டம்ளர்களில் பேர் வெட்டியிருக்கும். இது என் மாமியார் கல்யாணச் சீரில் வந்தது. தினமும் அதைத் தேய்க்கிறவர் அவர்தான். விரலால் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, குடிக்காமல் நின்றார்.

"இது பாட்டி பேரு போட்டதாச்சே."

நான் பதில் சொல்வதற்குள் கூடத்திலிருந்து என் மாமியாரின் குரல் வந்தது.

"காபி ஆறுது, குடிம்மா."